முப்பது வினாடி முழுவேகமும், அதன் பிறகு தசைக்குள் நடப்பதும்

கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழு 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பயிற்சி செய்தவர்கள் எட்டுப் பேர். ஓரளவு உடற்பயிற்சிப் பழக்கம் உள்ள இளைஞர்கள்தான், போட்டி வீரர்கள் அல்ல. நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில் உட்காரவைத்து, 30 வினாடிக்கு உயிரைக் கொடுத்து மிதிக்கச் சொன்னார்கள். பிறகு 4 நிமிடம் ஓய்வு. மறுபடி 30 வினாடி. ஒரு நாளைக்கு இப்படி 4 முதல் 7 சுற்று. இரண்டு வாரத்தில் மொத்தம் ஆறு நாள் பயிற்சி. ஓய்வைக் கழித்துப் பார்த்தால், இரண்டு வாரத்துக்கும் சேர்த்து உண்மையில் பாடுபட்ட நேரம் கால் மணியைச் சுற்றித்தான் வரும்.

பயிற்சிக்கு முன் இவர்களைக் கடினமான, ஆனால் ஒரே சீரான பளுவில் முடியும் மட்டும் மிதிக்கவைத்திருந்தார்கள். சராசரியாக 26 நிமிடத்தில் ஓய்ந்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அதே பளுவில் 51 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். தொடையிலிருந்து ஊசியால் எடுத்த தசைத் துணுக்கில், மைட்டோகாண்ட்ரியாவின் (ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும், உயிரணுவுக்குள் உள்ள நுண் உறுப்பு) வேலைத்திறனைக் காட்டும் நொதி ஒன்று 38 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் உடல் அதிகபட்சமாக உள்வாங்கக்கூடிய ஆக்சிஜன் அளவு மட்டும் அப்படியே இருந்தது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இதயமும் நுரையீரலும் இன்னும் பழைய நிலையில்தான் இருக்கின்றன. தசை அதற்குள் தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது.

கால் மணி நேர உழைப்புக்கு ஏன் இத்தனை பெரிய பலன்? கடும் வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சிகளுக்கு எச்ஐஐடி, டபாட்டா, இன்டர்வல் என்று ஜிம்மில் அடிபடும் பெயர்களுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி இது. பதில் தெரிந்தால் யூடியூப் வீடியோவைப் பார்த்துக் கண்மூடித்தனமாகக் குதிக்க வேண்டியதில்லை. எதை எவ்வளவு செய்யலாம் என்று நீங்களே முடிவெடுக்கலாம்.

எல்லா நார்களும் எப்போதும் வேலை செய்வதில்லை

நம் தசை ஆயிரக்கணக்கான மெல்லிய நார்களால் ஆனது. அவற்றில் முக்கியமாக இரண்டு வகை. முதல் வகை மெதுவாகச் சுருங்கும், எளிதில் களைக்காது. அதற்குள் மைட்டோகாண்ட்ரியா நிறைய இருக்கும். சுற்றிலும் நுண் ரத்தக் குழாய்கள் அடர்ந்திருக்கும். நிறமும் சிவப்பாக இருக்கும். இரண்டாம் வகை வேகமாகவும் பலமாகவும் சுருங்கும், ஆனால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். வேக நார்களிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கக்கூடியவை சில, முழுக்க முழுக்க ஒரே மூச்சு வேகத்துக்கானவை சில.

இந்த நார்களை மூளை தன் இஷ்டத்துக்கு அழைப்பதில்லை. அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எல்வுட் ஹென்மன் என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதைக் கண்டறிந்தார். சிறிய நரம்பணுக்களின் பிடியில் உள்ள மெதுவான நார்கள் முதலில் வேலைக்கு வரும். பளு கூடக்கூட, பெரிய நரம்பணுக்களின் பிடியில் உள்ள வேக நார்கள் ஒவ்வொன்றாகச் சேரும். காலையில் பூங்காவில் பேசிக்கொண்டே நடக்கும்போது தொடையின் மெதுவான நார்கள் மட்டும் போதும். அதே நடையைப் பத்து வருடம் நடந்தாலும் வேக நார்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே வேலையில்லை. நகரத் தொடங்கிய பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அந்த ஐந்து வினாடியில்தான் அவை எழுந்து வருகின்றன.

மிக நீண்ட தூரம் ஓடினால், மெதுவான நார்கள் ஓய்ந்த பிறகு வேக நார்களும் கைகொடுக்க வரும். அதற்கு மணிக்கணக்கு ஆகும். முழுவேகப் பயிற்சி அவற்றை முதல் வினாடியிலேயே அழைத்துவிடுகிறது. வயது ஏற ஏற முதலில் மெலிவதும் இந்த வேக நார்கள்தான். தடுக்கி விழப்போகும் கணத்தில் காலைச் சட்டென்று முன்வைத்துச் சமாளிக்க அவைதான் வேண்டும்.

அந்த 30 வினாடிக்குள்

தசை சுருங்குவதற்கு நேரடியாகச் செலவாகும் பொருள் ஒன்றே ஒன்று: ஏடிபி. சோறு, சப்பாத்தி, கொழுப்பு எதைச் சாப்பிட்டாலும் கடைசியில் ஏடிபியாக மாறினால்தான் தசைக்குப் பயன். வினோதம் என்னவென்றால், தசையில் இருப்பாக உள்ள ஏடிபி முழுவேகத்தில் இரண்டு மூன்று வினாடிக்குத்தான் வரும். ஆகவே செலவாகச் செலவாக உடனுக்குடன் செய்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள்.

முதல் வழி பாஸ்போகிரியேட்டின். அவசரத்துக்கென்று அஞ்சறைப் பெட்டிக்குள் அம்மா வைத்திருக்கும் பணம் போன்றது இது. கேட்ட மாத்திரத்தில் கைக்கு வரும், ஆனால் தொகை சிறியது. முழுவேகத்தில் பத்து வினாடிக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஜிம்மில் விற்கும் கிரியேட்டின் பொடி இந்தக் கையிருப்பைக் கொஞ்சம் கூட்டத்தான்.

இரண்டாவது வழி, தசைக்குள் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலேயே உடைப்பது. இதுவும் வேகமானதுதான், முதல் சில வினாடிகளிலேயே தொடங்கிவிடும். ஒரே 30 வினாடி முழுவேகத்தில் தொடையின் கிளைகோஜன் கால் பங்கு வரை கரைந்துவிடும் என்று தசைத் துணுக்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாலு இட்லி ஜீரணமாகித் தசைக்குள் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று நினைத்துப் பார்த்தால் இதன் வேகம் புரியும்.

மூன்றாவது வழி, ஆக்சிஜனைக் கொண்டு மைட்டோகாண்ட்ரியாவில் எரிப்பது. மெதுவாகத் தொடங்கும், ஆனால் சிக்கனமானது, நெடுநேரம் நீடிக்கும்.

இப்போது சைக்கிளில் இருப்பவரைப் பாருங்கள். முதல் ஐந்து வினாடி சக்கரம் பறக்கிறது, முகத்தில் சிரிப்புக்கூட இருக்கிறது. பத்தாவது வினாடியில் பெடல் திடீரென்று கனக்கிறது, பாஸ்போகிரியேட்டின் தீர்ந்துகொண்டிருக்கிறது. பதினைந்தில் தொடை எரியத் தொடங்குகிறது. இருபதில் தோள் ஆட ஆரம்பிக்கிறது, வாய் பிளக்கிறது. இருபத்தைந்தில் ‘இன்னும் ஐந்தே வினாடி’ என்று பக்கத்தில் கத்துபவர் மேல் கோபம் வருகிறது. முப்பதில் நிறுத்தும்போது, தொடக்கத்தில் கொடுத்த ஆற்றலில் பாதிதான் கால்களிலிருந்து வருகிறது. அவர் சோம்பேறித்தனமாக விட்டுவிடவில்லை. மனசு இன்னும் முழுவேகத்தில்தான் இருக்கிறது; தசைக்குத்தான் ஏடிபி செய்து கட்டுப்படியாகவில்லை.

ஓய்வின் நான்கு நிமிடத்தில் மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனை வாங்கி வாங்கிப் பாஸ்போகிரியேட்டினை மறுபடி நிரப்புகிறது. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் பாதி நிரம்பும். மிச்சம் நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அந்த மூச்சிரைப்பு வீண் அல்ல. சைக்கிள் நின்ற பிறகும் தசை உள்ளே உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

இன்னொரு முக்கியமான விஷயம் இரண்டாவது, மூன்றாவது சுற்றில் நடக்கிறது. கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாமல் உடைக்கும் வழி சுற்றுக்குச் சுற்று மந்தமாகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட ஆக்சிஜன் வழி முன்னுக்கு வருகிறது. மூன்றாவது சுற்றில் ஆற்றலின் பெரும்பகுதி ஆக்சிஜனிலிருந்தே கிடைக்கிறது. முழுவேக ஓட்டம் என்றால் ஆக்சிஜனுக்கு அங்கே வேலையில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான்கு சுற்று முடித்தவரின் மைட்டோகாண்ட்ரியாவிடம் கேட்டால் தெரியும்.

எரிச்சலுக்கும் மறுநாள் வலிக்கும் ஒரே காரணமா?

‘லாக்டிக் ஆசிட் சேர்ந்துவிட்டது, அதனால்தான் மூன்று நாளாக வலிக்கிறது’ என்று ஜிம் கோச் முதல் பள்ளி பி.டி. மாஸ்டர் வரை சொல்வார்கள். இது தவறு. தசைச் சுருக்கத்தில் வெப்பமும் லாக்டேட்டும் (லாக்டிக் ஆசிட் உடலில் இருக்கும் வடிவம்) எப்படி உண்டாகின்றன என்ற ஆய்வுகளுக்காக ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் லாக்டேட்டைக் கழிவுப்பொருளாகவே பார்த்தார்கள். 1980-களிலிருந்து கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் ப்ரூக்ஸ் அந்தப் பார்வையைத் திருப்பிப்போட்டார். லாக்டேட் ஓர் எரிபொருள். வேக நாரில் உண்டாகும் லாக்டேட்டைப் பக்கத்திலுள்ள மெதுவான நார் வாங்கி எரிக்கும்; இதயம் விரும்பி எரிக்கும்; கல்லீரல் அதை மறுபடி சர்க்கரையாக்கித் திருப்பி அனுப்பும். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் வலிக்கும்போது அது அங்கே இல்லவே இல்லை.

மிதிக்கும்போதே வரும் எரிச்சலுக்குக் காரணம் தசைக்குள் அமிலத்தன்மை கூடுவதும், வேகமான ஏடிபி செலவில் சேரும் பிற பொருள்களும்தான். ஓய்வெடுத்தால் சில நிமிடத்தில் அடங்கிவிடும்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும் வலியின் கதை வேறு. தசை நீண்டுகொண்டே பளுவைத் தாங்கும்போது நார்களின் நுண் அமைப்பு அங்கங்கே குலைகிறது. அதைச் சரிசெய்ய உடல் தொடங்கும் அழற்சிதான் வலியாக உணரப்படுகிறது. குதித்துத் தரையிறங்கும்போது, இறக்கத்தில் ஓடும்போது, ஸ்குவாட்டில் மெதுவாகக் கீழே இறங்கும்போதெல்லாம் தொடை நீண்டபடி தாங்குகிறது. அதனால்தான் முதல் நாள் ஜம்ப் ஸ்குவாட் போட்டவர் மறுநாள் மாடிப்படி ஏறுவதைவிட இறங்கத்தான் கஷ்டப்படுவார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார். சைக்கிளில் அந்த வகைச் சுருக்கம் மிகக் குறைவு. எத்தனை கடுமையாக மிதித்தாலும் மறுநாள் வலி அவ்வளவாக இருக்காது. ஆகவே ‘வலித்தால்தான் பலன்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. மெக்மாஸ்டரில் மிதித்தவர்களின் மைட்டோகாண்ட்ரியா கூடியது வலியால் அல்ல.

மாற்றம் நடப்பது ஓய்வில்

பிறகு எதனால் கூடியது? ஏடிபி வேகமாகச் செலவாகும்போது அதன் உடைந்த துண்டான ஏஎம்பி தசைக்குள் பெருகுகிறது. ஆற்றல் போதவில்லை என்பதன் நேரடி அடையாளம் அது. ஏஎம்பிகே என்ற புரதம் இதை உணர்ந்து விழித்துக்கொள்கிறது. தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் உள்ளே கால்சியம் பாய்கிறது. அதை உணரும் புரதங்கள் வேறு இருக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதத்தைத் தூண்டுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவைக் கட்டுவதற்கான மரபணுக்களை ஒருசேர முடுக்கிவிடுவது அதன் வேலை.

நடையும் இந்தப் பாதையைத் தட்டத்தான் செய்கிறது, மெல்லத் தட்டுகிறது. அதனால் நெடுநேரம் நடக்க வேண்டியிருக்கிறது. முழுவேகத்தில் ஏடிபியின் செலவு வரவைத் தாண்டிவிடுகிறது. தசையைப் பொறுத்தவரை அது நெருக்கடி, அறிகுறியும் உரத்தே வருகிறது. கடிகாரத்தில் ஓடிய நேரத்தைவிட இந்த நெருக்கடியின் அளவே தசையை மாறச் சொல்கிறது. கால் மணி நேரக் கணக்குக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

பயிற்சி நடக்கும்போது எதுவும் கட்டப்படுவதில்லை என்பதையும் கவனியுங்கள். மேற்சொன்ன மரபணுக்களின் நகல்கள் பயிற்சி முடிந்து மூன்று நான்கு மணி நேரம் கழித்து, நீங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பல மடங்கு உயர்கின்றன. மறுநாளுக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடுகின்றன. அந்தச் சில மணி நேரத்தில் உண்டான புரதம் மட்டும் கொஞ்சம் மிஞ்சுகிறது. அடுத்த பயிற்சியில் மறுபடி ஓர் எழுச்சி, மறுபடி கொஞ்சம் மிச்சம். இப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் இரண்டு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வருகிறது. இடையில் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால் மிஞ்சுவது குறையும். பயிற்சி நாளில் ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர், உழைத்ததன் கூலியில் ஒரு பகுதியை வாங்காமலே விட்டுவிடுகிறார்.

வாரங்கள் போகப்போக

முதல் ஓரிரு வாரத்தில் நொதிகளும் மைட்டோகாண்ட்ரியாவும் கூடும். தசை சேமிக்கும் கிளைகோஜனும் கூடும். கூடவே, அதே வேகத்தில் மிதிக்கும்போது கிளைகோஜன் முன்பைவிட மெதுவாகச் செலவாகும். கொழுப்பை எரிக்கும் பங்கு உயரும். நாரிலிருந்து லாக்டேட்டையும் அமிலத்தையும் வெளியே கடத்தும் புரதங்கள் பெருகும். அதனால்தான் முதல் நாள் பதினைந்தாவது வினாடியில் வந்த எரிச்சல் மூன்றாவது வாரத்தில் தள்ளிப்போகிறது. நுண் ரத்தக் குழாய்கள் இன்னும் கொஞ்ச காலம் எடுத்துக்கொண்டு அடர்த்தியாகும். வேக நார்களில் சீக்கிரம் களைக்கும் வகை, தாக்குப்பிடிக்கும் வகையின் குணத்தை ஏற்கத் தொடங்கும்.

இதயம் மெதுவாகப் பின்தொடரும். நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் யான் ஹெல்கெருட் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 4 நிமிடம் கடுமையாக, 3 நிமிடம் மெதுவாக என்று நான்கு சுற்று ஓடவைத்தார்கள். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். ஆக்சிஜன் உச்ச அளவு 7 சதவீதம் கூடியது. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவும் கூடியது. அதே மொத்த உழைப்பை மிதமான வேகத்தில் ஓடியவர்களுக்கு இந்த மாற்றம் கிடைக்கவில்லை. அங்கே 4 நிமிடம் ஓடியது முழுவேகத்தில் அல்ல. உச்ச இதயத் துடிப்பில் 90 முதல் 95 சதவீதம் வரை. தசைக்கு 30 வினாடி முழுவேகம் போதும். இதயத்துக்கு இப்படிச் சில நிமிடம் தொடர்ந்து நிற்கும் பளுதான் அதிகம் பிடிக்கிறது என்பது இவற்றைச் சேர்த்துப் படித்ததில் எனக்குத் தோன்றுவது.

சர்க்கரை நோய் பற்றிக் கவலைப்படும் நம் வீடுகளுக்கு முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில், இன்சுலின் தூண்டி உள்ளே அனுப்பும் பங்கின் பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் தசைதான். அதை நாருக்குள் கொண்டுசெல்லும் க்ளூட்-4 என்ற புரதம் இப்பயிற்சியால் கூடுகிறது. மெக்மாஸ்டர் குழு 2016-இல் இன்னும் குறுகிய முறை ஒன்றைச் சோதித்தது. உடற்பயிற்சியே இல்லாத ஆண்கள், வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் மொத்தம் பத்தே நிமிடம். அதற்குள் 20 வினாடி முழுவேகம் மூன்று முறை. இன்னொரு குழு 45 நிமிடம் மிதமாக மிதித்தது. 12 வாரத்தின் முடிவில் இரு குழுவுக்கும் ஆக்சிஜன் உச்ச அளவு ஏறத்தாழ 19 சதவீதம் கூடியது. இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பதும் ஒரே அளவில் மேம்பட்டது.

வயதானவர்களுக்கும் வாசல் அடைபடவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கே. ஸ்ரீகுமாரன் நாயர் தலைமையில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், 12 வார இன்டர்வல் பயிற்சியில் இளைஞர்களின் தசை மைட்டோகாண்ட்ரியாவின் திறன் 49 சதவீதமும், 65 வயது தாண்டிய குழுவில் 69 சதவீதமும் கூடியது. மருத்துவர்களின் கண்காணிப்பில் நடந்த பயிற்சி அது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கை, தொடை பருக்கும் என்று எதிர்பார்த்து இதைத் தொடங்குபவர்களுக்கு ஏமாற்றம்தான். பருமன் கூடுவதற்கு எடை தூக்க வேண்டும். அங்கே வேலை செய்யும் புரதங்களும் பாதையும் வேறு. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. வாரத்தில் இரண்டையும் வேறு வேறு நாளில் வைத்துக்கொள்வது நல்லது. ‘பயிற்சி முடிந்தும் 48 மணி நேரம் கொழுப்பு எரியும்’ என்ற விளம்பரத்தையும் பெரிதாக நம்ப வேண்டாம். பயிற்சிக்குப் பின் கூடுதலாகச் செலவாகும் ஆற்றல் உண்மை. அதன் அளவு சிறியது.

டபாட்டா பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் இசுமி டபாட்டா 1996-இல் வெளியிட்ட ஆய்வில், 20 வினாடி மிதி, 10 வினாடி ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்று. பளு எவ்வளவு தெரியுமா? ஆக்சிஜன் உச்ச அளவுக்குரிய பளுவைப் போல 170 சதவீதம். எட்டாவது சுற்றோடு மிதிப்பவர் ஓய்ந்துவிட வேண்டும் என்ற கணக்கில் வைத்த பளு அது. ஜப்பானின் வேக ஐஸ் ஸ்கேட்டிங் அணிக்கு அதன் பயிற்சியாளர் கொடுத்துவந்த பயிற்சியைத்தான் அவர் ஆராய்ந்தார். செல்போன் ஆப் மணியடிக்க, 20 வினாடி வயிற்றுப் பயிற்சி, 10 வினாடி ஓய்வு என்று செய்வது கெட்டதல்ல. ஆனால் அந்த ஆய்வின் பலனை இதிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது. கடிகாரக் கணக்கு மட்டும் ஒன்று, தசைக்குள் நடக்கும் நெருக்கடி வேறு.

அளவு மீறினால்

நல்லதாயிற்றே, தினமும் செய்தால் என்ன என்ற கேள்விக்கு ஸ்டாக்ஹோமின் விளையாட்டு அறிவியல் கல்லூரியிலிருந்து 2021-இல் பதில் வந்தது. ஆரோக்கியமான 11 பேருக்கு இன்டர்வல் பயிற்சியை வாரத்துக்கு வாரம் ஏற்றிக்கொண்டே போனார்கள். மூன்றாவது வாரத்தில் கடுமையான பயிற்சி நேரம் மட்டும் 152 நிமிடத்தைத் தொட்டது. அதுவரை ஏறிக்கொண்டிருந்த மைட்டோகாண்ட்ரியாவின் செயல்திறன் அந்த வாரம் சரிந்தது. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் திறனும் கெட்டது. பயிற்சியைக் குறைத்த பிறகுதான் நிலைமை திரும்பத் தொடங்கியது.

ஒரு நாள் பயிற்சிக்குப் பிறகு நடப்பதையும் ஸ்வீடனிலேயே பார்த்திருக்கிறார்கள். கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஹோகன் வெஸ்டர்ப்ளாட் குழு 2015-இல் வெளியிட்டது: 30 வினாடி முழுவேகம், ஆறு சுற்று, ஒரு நாள் கழித்துத் தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தால், நாருக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் வாயில் புரதம் துண்டு துண்டாகியிருந்தது. கால்சியம் கசிந்துகொண்டிருந்தது. மறுநாள் கால் சொன்னபடி கேட்காததற்கு இது ஒரு காரணம். அதே கசிவுதான் தசையை மாறத் தூண்டும் குறிப்பாகவும் இருக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. ஆகவே அதை ஆறவிட வேண்டும், ஆறுவதற்குள் மறுபடி உடைக்கக் கூடாது. பயிற்சி நாளில் வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை அள்ளிப் போட்டுக்கொள்வதும் தேவையில்லை. பயிற்சியால் வரும் நல்ல மாற்றங்களில் சிலவற்றை அவை மட்டுப்படுத்துவதாக ஆய்வுகள் உண்டு. நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடுவதற்கு இந்தத் தடை இல்லை.

தொடங்குபவருக்கு

முழுவேகம் என்பது தொடக்கம் அல்ல. இதுவரை எதுவும் செய்யாதவர் மூன்று நான்கு வாரம் வேகநடை நடந்து, மூட்டும் தசைநாணும் பழகிய பிறகு இதற்கு வரலாம். முதலில் ஐந்து நிமிடம் வார்ம்-அப். பிறகு ஒரு நிமிடம் வேகம், ஒன்றரை அல்லது இரண்டு நிமிடம் மெதுவாக. நான்கு சுற்று போதும். வேகம் எவ்வளவு என்பதற்குக் கருவி வேண்டாம்: வேக நிமிடத்தின் முடிவில் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேச முடியக்கூடாது; ஓய்வின் முடிவில் ஒரு முழு வாக்கியம் பேச வர வேண்டும். வரவில்லையென்றால் ஓய்வை நீட்டுங்கள். வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. மற்ற நாள்களில் வழக்கமான நடையை விட வேண்டாம்.

எதில் செய்வது என்றால், நிற்கும் சைக்கிள் மூட்டுக்கு மிகவும் பாதுகாப்பானது. அது இல்லாதவர்களுக்கு மேம்பாலத்தின் ஏற்றமோ மாடிப்படியோ நல்லது. வேகமாக ஏறுங்கள், இறங்கும்போது மெதுவாக. குண்டானவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் குதிக்கும் பயிற்சிகளைத் தொடவே வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழு மணிக்குப் பிறகு வெளியே இதைச் செய்யக் கூடாது என்பது என் திடமான கருத்து. வியர்வை உலராத ஈரக் காற்றில் உடல் சூடு வேகமாக ஏறிவிடும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், பிரஷர், சுகர் உள்ளவர்கள், வீட்டில் இளவயதில் யாருக்கேனும் மாரடைப்பு வந்திருந்தால் அவர்களும், முதலில் மருத்துவரைப் பார்த்து இப்படிச் செய்யப்போகிறேன் என்று சொல்லிக் கேட்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டல் வந்தால் அந்தக் கணமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்குப் பயிற்சி முடிந்த உடனே சர்க்கரை ஏறிக் காட்டலாம், அட்ரினலின் செய்யும் வேலை அது. பயந்து கூடுதல் இன்சுலின் போட்டுக்கொண்டால், சில மணி நேரம் கழித்து ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, சிறுநீர் கறுத்த பழுப்பு நிறத்தில் போனால், நார்கள் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். இதுவும் வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயம் அல்ல.

ஒரு மாதம் கழித்துச் சுற்றுகளை ஆறாக்கலாம். வேகத்தைக் கூட்டி நேரத்தை 30 வினாடியாகக் குறைக்கலாம். வாரத்துக்கு மூன்று நாளைத் தாண்டுவதற்கு, போட்டிக்குத் தயாராகாத யாருக்கும் அவசியமில்லை.

கல்யாணம், காய்ச்சல், பரீட்சை என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் என்ன ஆகும்? மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் பாதி ஏறத்தாழ ஒரு வாரத்தில் புதுப்பிக்கப்படுபவை. தூண்டுதல் நின்றால் சேர்த்தது சீக்கிரமே கரையத் தொடங்கும். ஆனால் முழுக்க விடாமல் குறைத்துக்கொண்டால் கதை மாறுகிறது. அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் 1980-களில் செய்த ஆய்வுகளில், வாரம் ஆறு நாள் பயிற்சி செய்துவந்தவர்கள் அதை இரண்டு நாளாகக் குறைத்தும், வேகத்தை விடாததால் 15 வாரம் வரை ஆக்சிஜன் உச்ச அளவைத் தக்கவைத்தார்கள். நாளைக் குறைக்காமல் வேகத்தைக் குறைத்தவர்களுக்கு அது சரிந்தது. ஆகவே நேரம் கிடைக்காத வாரத்தில் சுற்றைக் குறையுங்கள், நாளைக் குறையுங்கள். செய்யும் ஒரு நாளில் வேகத்தை விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் வந்து போயிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம். சளியும் அசதியும் முழுக்க நீங்கிய பின் ஒரு வாரம் நடந்துவிட்டு, இரண்டே சுற்றோடு மறுபடி தொடங்குங்கள்.